பாய் பார்த்த மூணும் நான் பார்த்த ஏழும்

கம்ப்யூட்டர் ரிப்பேர் தொழிலில் கெட்டுப்போன சாமான் தருகிற தொல்லை கொஞ்சம்தான். எல்லாம் நன்றாக இருந்தும் வேலை செய்யாமல் நிற்கிற சாமான்தான் ஆளைக் கொல்லும். இதே தொழிலில் இருப்பவர்கள் இந்நேரம் தலையாட்டியிருப்பீர்கள். மற்றவர்களும் என்றாவது ஒரு பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, "நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்தது" என்று சொல்லியிருப்பீர்கள். நாமெல்லாம் ஒரே வண்டியில் போகிறவர்கள்தான்.

எனக்குக் கடை சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பின்பக்கம், ஒரு மாடிப்படிக்கு அடியில். பெயர் மாரிமுத்து. மற்ற மெக்கானிக்குகளிடம் இல்லாத ஒரு வித்தை என்னிடம் உண்டு. கம்ப்யூட்டருக்குள் ரெஜிஸ்ட்ரி என்று ஒன்று இருக்கிறது. ஆயிரக்கணக்கான டிராயர் உள்ள பெரிய அலமாரி என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த பிரிண்டர், எந்தத் தேதி முறை, எந்த வயர் எந்தத் துளையில் என்று ஒவ்வொரு சாஃப்ட்வேரும் தன் விவரத்தை அதில் எழுதி வைத்திருக்கும். அந்த டிராயரைத் திறந்து படிக்கவும், மாற்றி எழுதவும் சி என்கிற கம்ப்யூட்டர் மொழியில் நானே சின்னச் சின்னப் புரோகிராம்கள் எழுதுவேன். வாடிக்கையாளர் ஒரு பட்டனை அமுக்கினால் போதும்.

அந்த வித்தையை நான் தனியாகக் கற்கவில்லை. காதர் பாயோடு சேர்ந்து கற்றேன். அதே வித்தையால் அவரோடு ஆறு வருஷம் பேசாமல் இருந்தேன். அவர் பெயரையும் நான்தான் கெடுத்தேன். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

ஒருவர் வாசிக்க, ஒருவர் அடிக்க

நான் எட்டாவதோடு நின்றவன். டி.வி. மெக்கானிக்காக இருந்தேன். அந்த வேலை குறைந்தபோது மெயின்கார்டு கேட் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்குப் போய், சி கிளாஸில் சேர வேண்டும் என்றேன். கவுண்டரில் இருந்தவர் ஃபாரத்தை நீட்டிவிட்டு, பத்தாவது பாஸா என்று கேட்டார். இல்லை என்றதும் நீட்டிய ஃபாரத்தை என் கையிலிருந்து திரும்ப வாங்கிக்கொண்டார். அந்த சென்டர் மூடிப் பல வருஷம் ஆகிறது. இப்போது அங்கே செருப்புக் கடை. நான் அந்தக் கடையில் செருப்பு வாங்குவதில்லை.

என் கடைக்குப் பக்கத்துக் கடையில் பல வருஷமாக ரேடியோ ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தவர்தான் காதர் பாய். பாலக்கரைக்காரர், பி.யூ.சி. வரை படித்தவர். என் கதையைக் கேட்டுவிட்டு, நடைபாதைக் கடையில் ஒரு பழைய சி புத்தகம் பொறுக்கி எடுத்து வந்தார். அட்டை கிழிந்த, முந்நூறு பக்கப் புத்தகம். அதன் கடைசிப் பாகம் முழுக்க ரெஜிஸ்ட்ரிதான். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் இங்கிலீஷை வாசித்துத் தமிழில் சொல்வார். நான் இரண்டு விரலால் அடிப்பேன். வாசித்தவருக்குப் பாதி புரியாது. கேட்டவனுக்கு, சர்க்யூட் பார்த்துப் பழகிய புத்தியில் எங்கேயோ பொறி தட்டும். முதல் புரோகிராம் ஓடிய அன்று பாய் இரண்டு டீ வரவழைத்துவிட்டுச் சொன்னார்: "எனக்கு வாசிக்கத் தெரியும், புரியாது. உனக்குப் புரியும், வாசிக்கத் தெரியாது. ரெண்டு பேரையும் ஒட்டிப் பார்த்தா ஒரு இன்ஜினியர் தேறுவான்டா மாரி."

ஸ்ரீரங்கத்து ஜாதகம்

உத்தர வீதியில் வரதாச்சாரி சுவாமி என்று ஒரு ஜோசியர். கம்ப்யூட்டரில்தான் ஜாதகம் கணிப்பார். புதுப் பெட்டி வாங்கினார். பழைய சாஃப்ட்வேரை அதில் நாங்கள்தான் போட்டுக் கொடுத்தோம். ஒரு வாரத்தில் கூப்பிட்டு அனுப்பினார். கூடத்தில் ஒரு பெண்ணின் அப்பாவும் அம்மாவும் முகம் வாடி உட்கார்ந்திருந்தார்கள். அம்மா சொல்லும் நட்சத்திரம் ஒன்று, பெட்டி சொல்லும் நட்சத்திரம் வேறு. பையன் வீட்டில் இந்தப் புது ஜாதகத்தைப் பார்த்துவிட்டுப் பொருந்தவில்லை என்று சொல்லிவிட்டார்களாம்.

எனக்குப் பத்து நிமிஷத்தில் விளங்கிவிட்டது. புதுப் பெட்டி அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முதலில் வைத்திருந்தது. பெண் பிறந்தது ஜூலை ஐந்து. சுவாமி நம் வழக்கப்படி ஐந்து, ஏழு என்று அடிக்க, பெட்டி அதை மே மாதம் ஏழாம் தேதி என்று எடுத்துக்கொண்டது. தேதி முறை எழுதியிருக்கும் டிராயரைத் திறந்து மாற்ற ஒரு சின்னப் புரோகிராம் எழுதி ஓட்டினேன். பெட்டியை அணைத்துப் போட்டதும் அம்மா சொன்ன நட்சத்திரமே வந்தது. அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சுவாமி மட்டும் கோபம் தணியாமல் பெட்டியைப் பார்த்தபடி சொன்னார்: "பெருமாள் க்ருபையில குழந்தை பொறந்த வேளை பேஷா இருக்கு. ஒங்க யந்திரம்னா அவளை ரெண்டு மாசம் முன்னாடியே பிரசவிச்சு வெச்சுடுத்து!"

பார்க்கிறவன் வேறு

திரும்பி வரும் பஸ்ஸில் பாய் ஒரு கேள்வி கேட்டார். "பழசு என்னன்னு இருந்துச்சு?" தெரியாது என்றேன். டிராயரில் இருந்ததைப் படிக்காமலே மேலே எழுதிவிட்டேன். தப்பாகப் போயிருந்தால் பழைய நிலைக்குக் கொண்டுவர வழி கிடையாது. சொல்லப்போனால் அன்று பிழைத்தது என் கெட்டிக்காரத்தனத்தால் இல்லை.

அன்றிலிருந்து ஒரு முறை வைத்தோம். என் புரோகிராம் முதலில் பழைய விவரத்தைப் படித்துக் காட்டும். பாய் நோட்டில் எழுதுவார். அப்புறம்தான் புதுசை எழுதும். எழுதியதைத் திரும்பப் படித்தும் காட்டும். அதோடு முடியாது. விண்டோஸ் கூடவே வருகிற ரெஜிஸ்ட்ரி எடிட்டர் என்ற ஒன்றை பாய் தனியாகத் திறந்து, அதே டிராயரைத் தேடிப் போய், தன் கண்ணால் பார்த்துவிட்டு டிக் போடுவார். புரோகிராமே திரும்பப் படித்துக் காட்டுகிறதே, இது எதற்கு இரண்டாம் வேலை என்று நான் முனகினேன். பாய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்: "எழுதுனவன் கண்ணுக்கு எழுதுனதுதான் தெரியும். பார்க்கிறது நானா இருக்கட்டும்."

மணப்பாறைத் தராசு

மணப்பாறையில் தனலட்சுமி அக்கா முறுக்குப் போட்டு வெளியூருக்கெல்லாம் அனுப்புகிறவர். பொட்டலத்தைத் தராசில் வைத்தால் எடை கம்ப்யூட்டருக்குப் போய் லேபிள் அச்சாகி வரும். தராசின் வயர் எந்த எண்ணுள்ள துளையில் இருக்கிறது என்பது ரெஜிஸ்ட்ரியில் இருக்கும். பெருக்குகிறவர்கள் வயரைப் பிடுங்கி வேறு துளையில் செருகிவிட்டால் எண் மாறிவிடும், லேபிள் வராது. அதற்காக "தராசு சரிசெய்" என்று ஒரு பட்டன் எழுதிக் கொடுத்திருந்தேன். இரண்டு வருஷம் ஒரு குறை இல்லை. அப்புறம் அக்கா புதுக் கம்ப்யூட்டரும் லேபிள் சாஃப்ட்வேரில் புதுசும் வாங்கினார். பட்டன் வேலை செய்யவில்லை என்று பாய்க்குப் போன் வந்தது. எனக்கு வரவில்லை, பாய்க்குத்தான் வந்தது. அதுவே எனக்குக் கொஞ்சம் உறுத்தல்.

போனோம். வயர் ஏழாம் எண்ணில் இருந்தது. என் புரோகிராமை ஓட்டினேன். ஏழு என்று எழுதியது, திரும்பப் படித்தும் ஏழு என்றே காட்டியது. லேபிள் வரவில்லை. பாய் எடிட்டரைத் திறந்து பார்த்தார். "மூணுன்னுதான் இருக்கு மாரி" என்றார். மறுபடி ஓட்டினேன். ஏழு. பாய் மறுபடி பார்த்தார். மூணு. அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன், மூணுதான். கீபோர்டு அவர் கையில் இருந்தது. கடைசியில் பாய் எடிட்டரிலேயே கையால் ஏழு என்று மாற்றினார். உடனே லேபிள் சரசரவென்று வந்தது. அக்கா, "பாய் கை வெச்சாத்தான் சரியாகுது" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பில் எனக்குப் புத்தி கெட்டது. நான் ஏழு என்று எழுத எழுத இவர் மூணு என்று மாற்றிவிட்டு, கடைசியில் தானே சரிசெய்ததாக நல்ல பேர் வாங்குகிறார் என்று அக்காவுக்கு முன்னாலேயே சொன்னேன். கூடவே, என் புரோகிராம் பொய் சொல்லாது என்றேன். பாய் நோட்டை மூடி மேசைமேல் வைத்தார். முப்பது வருஷத்தில் அன்றுதான் முதல்முறையாக என்னை மரியாதை போட்டுப் பேசினார்: "நான் கண்ணால பார்த்ததைத்தான் சொன்னேன். இனிமே நீங்க நம்புற ஆளா பார்த்துக் கூட்டிட்டு வாங்க, மாரிமுத்து."

டீக்கடை

அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. அடுத்த தடவை அக்கா வீட்டு வயர் இடம் மாறியபோது பட்டன் மறுபடி வேலை செய்யவில்லை. பாய் என்னவோ பண்ணிவைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று உறுதியாக நம்பினேன். அக்காவிடமும் சொன்னேன். சத்திரத்து டீக்கடையில் எங்கள் தொழில்காரர்கள் ஏழெட்டுப் பேர் தினமும் கூடுவோம். அங்கேயும் சொன்னேன். காதர் வேலைக்குப் போனால் அடுத்த தடவையும் அவரையே கூப்பிடுகிற மாதிரி எதையாவது மாற்றிவைத்துவிட்டுத்தான் வருவார் என்று சொன்னேன்.

இப்படிப்பட்ட பேச்சு எவ்வளவு சீக்கிரம் ஊர் சுற்றும் என்று உங்களுக்குத் தெரியும். எங்கள் தொழிலில் கம்ப்யூட்டரை மட்டுமா நம்மிடம் கொடுக்கிறார்கள்? வீட்டுப் போட்டோ, கடைக் கணக்கு, பேங்க் பாஸ்வேர்டு எல்லாம் அதற்குள்தான் இருக்கிறது. சந்தேகம் வந்தால் யாரும் கூப்பிட மாட்டார்கள். பாய்க்கு வேலை வருவது நின்றது. பக்கத்துக் கடையின் ஷட்டர் ஒரு நாள் திறக்கவில்லை. அப்புறம் திறக்கவே இல்லை. எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. டீக்கடையில் செல்போன் ஸ்பேர் விற்கிற சுப்பையா மட்டும் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கேட்டான்: "முப்பது வருஷமா அந்தாள் திருடன்னு தெரியாமலேயா அண்ணே கூட உட்கார்ந்து சாப்பிட்டீங்க?"

ஹாஜிரா அம்மா வீட்டுப் பாஸ்வேர்டு

பாய் இல்லாமல் எப்படி ஓட்டினேன் என்றால், எண்ணை வைத்து ஓட்டினேன். புரோகிராம் தோற்றுப்போனால் ஒரு எண் வரும். இரண்டு வந்தால் அந்த டிராயரே இல்லை. ஐந்து வந்தால் அனுமதி இல்லை. இதெல்லாம் பாய் வாசித்துச் சொன்ன காலத்திலேயே மனப்பாடம். அதற்குமேல் புதிதாக என்ன வந்திருக்கிறது, எதை எப்படி மாற்றியிருக்கிறார்கள் என்று வாசித்துச் சொல்ல ஆள் இல்லை. போனில் இங்கிலீஷைத் தமிழாக்கிப் படிக்கலாம் என்று தெரியும். தேவைப்படவில்லை என்று சொல்லிக்கொண்டேன்.

பாலக்கரையிலிருந்து ஹாஜிரா அம்மா கூப்பிட்டார். மகன் துபாயில். அவன் வாங்கி வைத்துவிட்டுப் போன கம்ப்யூட்டரில்தான் மருமகள் தையல் ஆர்டர் எடுக்கிறாள். பிரிண்ட் கொடுத்தால் வேறு எங்கேயோ போகிறது என்றார்கள். புரோகிராமை ஓட்டினேன். ஐந்து. "அம்மா, இதுல மாத்தணும்னா உங்க பையன் பாஸ்வேர்டு வேணும்" என்றேன். "ஏன், இது என் வீடுதானே?" "வீடு உங்களோடது. பெட்டி அவர் பேர்ல இருக்கு." அம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். "யா அல்லா! சின்னதுல என்கிட்ட கேக்காம வாசப்படி தாண்ட மாட்டான். இப்ப நான் ஒரு பேப்பர் எடுக்க அவன்கிட்ட கேக்கணுமா?"

மகன் போனில் பாஸ்வேர்டு சொல்ல, வேலை முடிந்தது. கிளம்பும்போது அம்மா, காதர் தம்பி இப்போது ரவுண்டானா பக்கம் ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்திருக்கிறார் என்றார். என்னைப் பற்றி அவர் என்ன சொல்லித் திரிகிறார் என்று தெரிந்துகொள்ள மட்டும் ஆசையாக இருந்தது. சுற்றி வளைத்துக் கேட்டேன். அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்: "உங்க பேரைச் சொல்லி நல்ல மெக்கானிக்கு, அவரையே கூப்பிடுங்கன்னு அனுப்புனதே அவருதானேங்க."

துவாக்குடிப் பட்டறை

இது இந்த வருஷம் நடந்தது. துவாக்குடியில் நடராஜன் என்பவர் லேத் பட்டறை வைத்திருக்கிறார். கடைந்து முடித்த உருளையின் குறுக்களவை ஒரு கருவி அளந்து கம்ப்யூட்டருக்கு அனுப்பும். தராசு மாதிரியேதான், அதற்கும் துளை எண் ஒன்று ரெஜிஸ்ட்ரியில் உண்டு. நான்கு என்று மாற்ற வேண்டும். ஓட்டினேன். நான்கு என்று திரும்பப் படித்துக் காட்டியது. கருவி பேசவில்லை. பக்கத்தில் ஆபரேட்டர் சேகர் நின்றுகொண்டிருந்தான். "நீ எதையாவது தொட்டியா?" என்றேன். இல்லை என்றான். மறுபடி ஓட்டினேன். அதே கதை. எனக்கு மணப்பாறை ஞாபகம் வந்தது. தொழில்காரன் எல்லாரும் ஒரே மாதிரிதான் என்று நினைத்தேன். சேகரை வெளியே போகச் சொல்லிவிட்டுக் கண்ணாடிக் கதவைத் தாழ் போட்டேன். அவன் வெளியே மற்ற ஆட்களுக்கு நடுவே தலை குனிந்து நின்றான்.

புரோகிராமை ஓட்டினேன். நான்கு. சேகர் வெளியே இருந்தால் நான்கு மாறாமல் நிற்கும், குற்றம் அவனுடையதுதான் என்று காட்டலாம் என்று, ஆறு வருஷத்தில் முதல் தடவையாக எடிட்டரை நானே திறந்தேன். எழுத்துக் கூட்டி எழுத்துக் கூட்டி அந்த டிராயருக்குப் போனேன். ஒன்று என்று இருந்தது. மறுபடி ஓட்டினேன்; நான்கு. எடிட்டரில் பார்த்தேன், ஒன்று. கீபோர்டு என் மடியில் இருந்தது.

நடராஜன் கதவைத் தட்டினார். திறந்தேன். சேகர் மாற்றியிருக்கிறானா என்று கேட்டார். இல்லை, ஆனால் மாறியிருக்கிறது என்றேன். அவர் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சாதாரணமாகத்தான் கேட்டார்: "உள்ள நீங்க ஒருத்தர்தானேங்க இருந்தீங்க?"

பக்கத்து அறை

மூன்று நாள் கடை திறக்கவில்லை. போனில் இங்கிலீஷைத் தமிழாக்கி, அந்தக் கோணல் தமிழை மறுபடி நானே தமிழாக்கிப் படித்தேன். விஷயம் இவ்வளவுதான். பழைய கம்ப்யூட்டர்கள் முப்பத்திரண்டு பிட் என்கிற ரகம். புதுசெல்லாம் அறுபத்துநான்கு. எழுதியதை ஓடுகிற புரோகிராமாக மாற்றித் தரும் கம்பைலர் என்னிடம் இருப்பது பழசு; அதில் செய்யும் புரோகிராம் முப்பத்திரண்டுதான். அது புதுப் பெட்டியில் போய், சாஃப்ட்வேர் விவரமெல்லாம் இருக்கும் அந்த டிராயரைத் திற என்று கேட்டால், விண்டோஸ் மறுக்காது. பழைய ஆட்களுக்கென்று தனியாக வைத்திருக்கும் பக்கத்து அறைக்குச் சத்தமில்லாமல் கூட்டிப் போய், அதே பெயருள்ள வேறு டிராயரைத் திறந்துவிடும். என் புரோகிராம் அங்கேதான் எழுதும், அங்கேதான் திரும்பப் படிக்கும். எல்லாம் சரி என்று சொல்லும். எடிட்டரும் புதுச் சாஃப்ட்வேரும் நிஜ அறையில் இருக்கும் டிராயரைப் பார்த்துக்கொண்டிருக்கும். தேதி முறை, பிரிண்டர் மாதிரி விவரங்களுக்குப் பக்கத்து அறை கிடையாது; அதனால்தான் மற்ற வேலைகள் ஆறு வருஷமும் தடங்கல் இல்லாமல் நடந்தன.

நான் ஏழு என்று எழுதியது நிஜம். பாய் மூணு என்று பார்த்ததும் நிஜம். டிராயரைத் திறக்கும் வரியில் ஒரே ஒரு சொல் கூடச் சேர்த்தால் நேராக அறுபத்துநான்கு அறைக்குப் போகும். இது வந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. கூடவே பாய் இருந்திருந்தால், ஏதாவது ஒரு மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு இதை வாசித்துக் காட்டியிருப்பார். நான் ஆறு வருஷம் தெரியாமல் இருந்ததற்குக் காரணம், வாசித்துச் சொல்கிறவரை நான் விரட்டிவிட்டதுதான்.

துவாக்குடிக்குப் போய் அந்தச் சொல்லைச் சேர்த்து ஓட்டினேன், கருவி பேசியது. சேகரிடம், ஆட்கள் எல்லாரும் இருக்கும்போதே, தப்பு என்னுடையது என்றேன். அதைச் சொல்ல முடிந்தது. பாயிடம் போய்ச் சொல்ல முடியவில்லை. மறுநாளும் அதற்கடுத்த நாளும் கடையிலேயே உட்கார்ந்து அந்த ஒரு வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவி சாப்பாட்டுத் தூக்கோடு வந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தூக்கைத் திறக்கவில்லை. "அதையே முறைச்சுக்கிட்டிருந்தா காதர் அண்ணன் அதுக்குள்ளிருந்து எழுந்து வருவாரா? கிளம்புங்க."

அக்கா சொன்னது

நேராகப் பாயிடம் போயிருக்க வேண்டும். எனக்குத் தைரியம் வரவில்லை. முதலில் மணப்பாறைக்குப் பஸ் ஏறினேன். அக்கா எண்ணெய்ச் சட்டிப் பக்கத்திலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். அந்தக் கம்ப்யூட்டரை எப்போதோ மாற்றிவிட்டார்கள். தராசும் இப்போது வேறு. நான் ஒரு பேப்பரில் இரண்டு அறை வரைந்து, இதில் ஏழு, இதில் மூணு என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். "அந்தத் தராசு விஷயமா? எனக்கு மறந்தே போச்சுங்க" என்றார்.

எனக்கு ஒரு நிமிஷம் லேசாக இருந்தது. யாருக்கும் ஞாபகம் இல்லாத விஷயம் என்றால் பாதிப் பாரம் இறங்கின மாதிரிதானே. அக்கா பேப்பரைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் அதை மடித்து என்னிடமே கொடுத்தார்: "தராசு மறந்துபோச்சு. அதுக்கப்புறம் பாய் ஒரு நாள் நோட்டும் கையுமா வந்தாரு, நான் உள்ள கூப்பிடாம வாசலோட பேசி அனுப்புனேன், அது மறக்கலை. நீங்க சொன்னதை நம்பித்தானே அண்ணே அப்படிச் செஞ்சேன்."

ஜெராக்ஸ் கடையில்

பாய் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு யாருக்கோ ஆதார் கார்டு நகல் எடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "எத்தனை காப்பி வேணுங்க?" என்றார். கிண்டலா நிஜமா என்று தெரியவில்லை. பென்டிரைவை நீட்டினேன். அவர் கடைக் கம்ப்யூட்டரிலேயே போட்டுக் காட்டுகிறேன் என்றேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. நகர்ந்து இடம் விட்டார்.

தராசு டிராயர் போலவே மூணு போட்ட ஒன்றை அந்தப் பெட்டியில் முதலில் உண்டாக்கிவிட்டு, பழைய புரோகிராமை ஓட்டினேன். ஏழு என்று காட்டியது. எடிட்டரை நான் திறக்கவில்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துகொண்டேன். பாய் உட்கார்ந்து, கண்ணாடியைக் கீழே இறக்கி, தன் கையால் டிராயரைத் தேடிப் போனார். மூணு. அப்புறம் அந்த ஒரு சொல் சேர்த்ததை ஓட்டினேன். பாய் பார்த்தார். ஏழு. வரியைக் காட்டச் சொன்னார். புதிதாகச் சேர்த்திருந்த சொல்லை இங்கிலீஷில் நிறுத்தி வாசித்தார். வாசித்துவிட்டுப் பழக்க தோஷத்தில் என்ன அர்த்தம் என்கிற மாதிரி என் முகத்தைப் பார்த்தார். நான் அர்த்தம் சொன்னேன். "நீ பார்த்தது நிஜம் பாய்" என்றேன்.

ஒருவர் வந்து நான்கு பக்கம் நகல் எடுத்துக்கொண்டு போனார். அப்புறம் பாய் மெஷினின் மூடியை மெதுவாக இறக்கிவிட்டுப் பேசினார். "நான் சொன்னப்ப நம்பலை. ஆறு வருஷம் கழிச்சு பெட்டி சொல்லுச்சுன்னு வந்து நிக்கிறே." 'நீங்க' என்கிற மரியாதை போய்விட்டதைக் கவனித்தேன். அதில் சந்தோஷப்படவும் பயமாக இருந்தது. நான் பென்டிரைவை எடுக்கப் போனபோது கையை வைத்து மறித்தார்: "இது இங்கேயே இருக்கட்டும், நான் வாசிக்கணும். நீ முதல்ல சத்திரத்துக்குப் போ. அந்த டீக்கடையில எத்தனை பேர்கிட்ட சொன்னியோ அத்தனை பேர்கிட்டயும், அதே சத்தத்துல சொல்லிட்டு அப்புறம் வா மாரி."

சொன்னேன், ஏழெட்டுப் பேரில் இப்போது நாலு பேர்தான் மிச்சம் என்றாலும் அதே சத்தத்தில் சொன்னேன். முந்நூறு பக்கம் எழுதி அந்த ஒரு சொல்லை விட்டுவிட்ட புத்தகக்காரர் மேலாவது கோபத்தைத் திருப்பலாம் என்று பார்த்தால், அவர் எழுதிய காலத்தில் அப்படி ஒரு பக்கத்து அறையே கிடையாது என்று பாய் வாசித்துச் சொல்கிறார், இனிமேல் பாய் சொன்னால் நம்பித்தான் ஆகவேண்டும் என்பதால் கோபித்துக்கொள்ள இப்போது என்னை விட்டால் ஆளே இல்லை.